சிக்கிமுக்கிக் கல் எத்தனை வெடிக்குத் தாங்கும்?

ஓடையில் கிடக்கும் வெங்கச்சங்கல் இரண்டைப் பொறுக்கி வந்து இருட்டில் தட்டிப் பார்க்காத தோட்டத்துப் பிள்ளைகள் குறைவு. கல்லுக்குள்ளே மஞ்சளாக ஒரு மினுக்கம் வரும், கூடவே கருகல் வாசமும் வரும். ஆனால் எவ்வளவு தட்டினாலும் பஞ்சு பற்றாது. படிகம் உரசி உடையும்போது பிறக்கிற வெளிச்சம் அது. பற்றவைக்கும் சூடு அதில் இல்லை. அதே கல்லின் கூரான விளிம்பால் நல்ல உருக்கைச் சீவி அடித்தால் பொறி பறக்கும், விழுந்த இடத்தில் நெருப்பும் பிடிக்கும். ஏனென்றால் இந்தப் பொறி கல்லிலிருந்து வருவதல்ல, உருக்கிலிருந்து வருவது.

இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் இதை 1665இலேயே எழுதிவிட்டார். வெள்ளைத் தாளின் மேல் பொறி தட்டி, விழுந்ததை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். தெரிந்தது கல்தூள் அல்ல, உருகி உருண்டையாகிப்போன உருக்குத் துணுக்குகள்.

கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை எண்ணும் மோ அளவில் சிக்கிமுக்கியின் கடினம் 7. பதமேற்றிய உருக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. அதனால் கல் உருக்கைச் சீவுகிறது. சீவும் வேகத்திலேயே துணுக்கு சூடாகிவிடும். அதன் புதிய முகத்தில் துருப்படலம் எதுவும் இல்லை. நிறை மிகச் சிறிது, பரப்போ அதிகம். காற்றின் ஒட்சிசன் பட்டதும் பறக்கும்போதே எரியத் தொடங்கி 1000 பாகை செல்சியசைத் தாண்டிவிடுகிறது. கவ்வாத்துக் கத்தியை மின்சாரச் சாணையில் பிடித்தால் தெறிப்பதும் இதே எரியும் உருக்குத்தான்.

இப்போது துவக்கின் பூட்டுக்கு, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் பொறியமைப்புக்கு வருவோம். கண்டி இராச்சியத்தில் செய்த துவக்குகளில் பூட்டு இடப்பக்கம் இருக்கும், ஐரோப்பியத் துவக்குகளில் வலப்பக்கம். அடிப்படை வேலை ஒன்றுதான். குதிரை எனப்படும் சுத்தியலின் தாடைக்குள் கல்லைத் தோலில் சுற்றி வைத்துத் திருகாணியால் இறுக்கியிருப்பார்கள். அதற்கு எதிரே உருக்குத் தகடு ஒன்று நிமிர்ந்து நிற்கும். ஐரோப்பியப் பூட்டில் தகட்டின் அடிப்பகுதியே கீழேயுள்ள சிறு கிண்ணிக்கு மூடியாகவும் இருக்கும். கிண்ணிக்குள்ளே ரஞ்சகம், அதாவது மிக நைசான கருமருந்து. அதையொட்டிக் குழலின் பக்கச்சுவரில் பற்றுவாய் என்ற சிறு துளை. விசையை இழுத்ததும் குதிரை பாய்கிறது. கல் தகட்டின் மேற்பகுதியில் பட்டுக் கீழ்நோக்கிச் சீவுகிறது. அந்த அடியிலேயே தகடு முன்பக்கம் மடங்கிக் கிண்ணியைத் திறந்துவிடுகிறது. பொறிகள் கிண்ணியில் விழுகின்றன, ரஞ்சகம் பற்றுகிறது, அதன் சுவாலை பற்றுவாய் வழியே குழலுக்குள் புகுந்து உள்ளேயிருக்கும் மருந்தை வெடிக்க வைக்கிறது. சீரான பூட்டில் கல் தகட்டைத் தொட்டதிலிருந்து கிண்ணி பற்றும் வரை ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

ரஞ்சகத்தை நிறையப் போட்டால் வேகமாக வெடிக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. மருந்து பற்றுவாயை மூடிக்கொண்டு கிடந்தால், துளைக்குள் அடைபட்ட மணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரிபோல எரிந்துதான் உள்ளே போகவேண்டும். காதில் இரண்டு சத்தம் தனித்தனியாகக் கேட்கும்: முதலில் ஒரு ‘புஸ்’, அப்புறம்தான் ‘டுமீல்’. துளை மூடாத அளவுக்குக் கொஞ்சமாகப் போட்டால் சுவாலை நேராக உள்ளே பாயும், இரண்டு சத்தமும் ஒன்றாகிவிடும்.

சரி, ஒரு கல் எத்தனை வெடிக்கு வரும்? 20 முதல் 30 வரை என்பது பொதுவான கணக்கு. நன்றாகச் சீர்செய்த பூட்டில் 50ஐயும் தாண்டும். கெட்ட பூட்டு நாலைந்து வெடியிலேயே கல்லைத் தின்றுவிடும். ஒரே பாறையில் தட்டிய கற்களுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் வருவதால், ஆயுளைத் தீர்மானிப்பதில் கல்லைவிடப் பூட்டுக்கே பெரிய பங்கு என்பேன்.

பூட்டில் இரண்டு வில்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. ஒன்று குதிரையைத் தள்ளுவது, மற்றது தகட்டைப் பிடித்து வைத்திருப்பது. குதிரையின் வில் அளவுக்கு மிஞ்சிப் பலமாக இருந்தால் கல் சீவாது, மோதி நொறுங்கும். தகட்டின் வில் இறுக்கமாக இருந்தால் தகடு வழிவிடாமல் நிற்க, விளிம்பு உடைந்து கொட்டும். அது தளர்ந்திருந்தால் தகடு முந்தி மடங்கிப் பொறியே வராது. கல் படும் சாய்வும் இதேபோல முக்கியம். நேர்க்குத்தாக இடித்தால் விளிம்பு சிதையும், அதிகம் சாய்ந்தால் வழுக்கிப் போகும்.

தகட்டின் பதமும் சேர்ந்துகொள்கிறது. உருக்கு மென்மையாக இருந்தால் கல் அதில் பள்ளம் பறித்துச் சிக்கி உடையும். மிகக் கடினமாக இருந்தால் சீவலே வராது. காபன் குறைந்த பச்சை இரும்பு நல்ல பொறி தராது. அதனால்தான் தகட்டின் முகத்தில் உருக்கைப் பொருத்துவார்கள், அல்லது எலும்புக்கரிக்குள் புதைத்து நெடுநேரம் சூடாக்கி இரும்புக்குள் காபனை ஏற்றுவார்கள். பலாங்கொடைப் பக்கத்தைச் சொல்லாமல் இந்த இடத்தைக் கடக்க எனக்கு மனமில்லை. சமனலவெவ மலைச்சரிவுகளில் தென்மேல் பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாக வைத்து, காபன் மிகுந்த உருக்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எடுத்திருக்கிறார்கள். ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அப்படியொரு உலையை மறுபடி கட்டி, காற்றை மட்டும் நம்பி உருக்கிக் காட்டி, 1996இல் உலகுக்கு அறிவித்தார்.

பொறியின் நிறமே கல்லின் நிலையைச் சொல்லிவிடும். கூர் இருக்கும்வரை பொறி வெள்ளையாகவும் மஞ்சளாகவும் சடசடத்து விழும். விளிம்பு மழுங்கினால் செம்மங்கலாக வந்து கிண்ணியைத் தொடுமுன் அணையும். நல்ல பூட்டில் ஒவ்வொரு அடியிலும் விளிம்பில் மெல்லிய செதில் பெயர்ந்து கல் தன்னைத்தானே தீட்டிக்கொள்ளும். அதுவும் நின்றுபோனால் கல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்துவார்கள். படும் கோணம் மாறுவதால் இன்னும் சில வெடி கிடைக்கும். குழல் வெறுமையாக இருக்கும்போது சிறு பித்தளைக் கம்பியால் விளிம்பைத் தட்டிக் கூராக்குவதும் உண்டு.

நமது மலைகளில் உள்ளவை நைஸ் போன்ற மிகப் பழைய பாறைகள். நல்ல சிக்கிமுக்கி விளையும் வெண்சுண்ணப் பாறை இங்கே இல்லை. வெங்கச்சங்கல் தாராளம், கடினமும் அதே 7தான். ஆனால் உள்ளே விரிசல்கள் அதிகம், அடி விழுந்தால் எதிர்பாராத பக்கம் பிளக்கும். சிக்கிமுக்கியில் படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையானவை. அதனால் அது கண்ணாடிபோல வளைந்து பெயர்ந்து கத்தி விளிம்பு தருகிறது. பண்டாரவளையில் கிடைத்த பழங்காலக் கற்கருவிகளில் வெங்கச்சங்கல்லோடு சிக்கிமுக்கிக்கு உறவான சேர்ட் கல்லும் உண்டு. நெப்போலியன் காலத்து ஆங்கிலப் படைக்கோ சபக் மாவட்டத்துப் பிராண்டன் ஊரில் கறுப்பு நிறச் சிக்கிமுக்கியைத் தட்டித் தட்டியே கற்கள் செய்தார்கள்.

கல்லும் பூட்டும் எவ்வளவு சரியாக இருந்தாலும் நுவரெலியா மூடுபனியில் மருந்து கைவிட்டுவிடும். கருமருந்தில் 75 வீதம் வெடியுப்பு, மிச்சம் கரியும் கந்தகமும். தூய வெடியுப்பு ஈரத்தை எளிதில் உறிஞ்சாது. ஆனால் வௌவால் குகை மண்ணில் கிடைப்பதில் கல்சிய உப்பும் கலந்திருக்கும், அது காற்றின் ஈரத்தை இழுக்கும். குகை மண்ணோடு மரச்சாம்பலைச் சேர்த்து வடித்துக் காய்ச்சியது இதற்காகத்தான். சாம்பலின் பொற்றாசியம் கல்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுட்ட பின் கிண்ணியில் தங்கும் கசடு இன்னும் மோசம். பனியில் சற்று நேரத்தில் கறுப்புச் சேறாகி, அடுத்துப் போடும் ரஞ்சகத்தையும் நனைத்துவிடும். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு கிண்ணி, தகடு, கல் மூன்றையும் துடைத்தால் ஒழிய வேறு வழியில்லை. தகட்டில் எண்ணெய்ப் பிசுக்குக்கூட இருக்கக் கூடாது.

1803இலும் 1815இலும் கண்டி மலையேறிய ஆங்கிலப் படையினர் தூக்கி வந்தவை இந்தத் துவக்குகளே. அவர்கள் நாட்டிலேயே, வூலிச்சில் 1834இல், எல்லா வானிலையிலும் 6000 முறை சுட்டுப் பார்த்தபோது சிக்கிமுக்கித் துவக்கு 922 முறை பற்றவில்லை. கேப், அதாவது அடிபட்டதும் வெடிக்கும் மருந்திட்ட சிறு தொப்பி, வைத்த துவக்கு அதே 6000இல் 36 முறைதான் தவறியது. கேப்புக்கு வழிதிறந்த அலெக்சாண்டர் ஃபோர்சித் ஸ்கொட்லாந்தின் ஒரு பாதிரியார், பறவை வேட்டைக்காரர். கிண்ணியின் பளிச்சைக் கண்ட பறவை குண்டு வருமுன் பறந்துவிடுவதைப் பொறுக்காமல், அடிபட்டதும் வெடிக்கும் இரசாயன மருந்தைப் பூட்டுக்குக் கொண்டுவந்து 1807இல் காப்புரிமை பெற்றார்.