மட்டக்குறியா, அளவுகோலா?

பெரம்பூரில் நண்பர்கள் கூடிய ஒரு மாலையில், செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் நீண்ட காணொளிகளை எவ்வளவு புரிந்துகொள்கின்றன என்பதைச் சோதிக்கும் முறை பற்றிய மொழிபெயர்ப்பு ஒன்று வாசிக்கப்பட்டது. அதில், "இந்த அளவுகோலின் அளவுகோல் சரிவிடை விழுக்காடு" என்றொரு வரி வந்தது. ஒருவரும் சிரிக்காததுதான் எனக்கு வருத்தம். முதலாவது அளவுகோல் 'பெஞ்ச்மார்க்', அதாவது சோதனைத் தொகுப்பு; இரண்டாவது 'மெட்ரிக்', அதாவது அதில் எடுக்கும் அளவு. பெஞ்ச்மார்க்கை 'மட்டக்குறி' என்று சொல்லலாமே என்றேன்.

பெஞ்ச்மார்க் நில அளவையாளரின் சொல். உயரம் அறிந்த ஓரிடத்தில், கல்லிலோ சுவரிலோ கிடைக்கோடு செதுக்கி, அதில் இரும்புத் தாங்கியைப் பொருத்தி, அதன்மேல் அளவுக்கோலை நிறுத்துவார்கள். தாங்கி பெஞ்ச், செதுக்கிய கோடு மார்க். ஆக, கோல் வேறு, குறி வேறு.

வியாசர்பாடியில் இதை விளக்க அகராதி வேண்டியதில்லை. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார் போட்டுப் போட்டு எங்கள் தெரு உயர, வீடுகள் பள்ளத்தில் நின்றன. தரையை உயர்த்த வந்த கொத்தனார், தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்த்துச் சுவரில் ஒரு கோடு போட்டார். பிறகு எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்துதான். அவர் கையிலிருந்த டேப்தான் அளவுகோல். அந்தக் கோட்டை அளவுகோல் என்றிருந்தால் அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார்.

காணொளிச் சோதனையிலும் இதே உறவுதான். 2024இல் வெளிவந்த வீடியோ-எம்எம்இ, 11 நொடி முதல் ஒரு மணி நேரம் வரை ஓடும் 900 காணொளிகளும் 2,700 வினாக்களும் கொண்ட நிலையான தொகுப்பு. அது குறி, அதிலிருந்து எடுக்கும் சரிவிடை விழுக்காடு கோலின் அளவீடு. அதில் வினாவுக்கு நான்கு விடைகள் தரப்படுவதால் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தாலும் சராசரியாக 25 விழுக்காடு கிடைக்கும். ஐந்து விடைகள் தரும் ஈகோஸ்கீமா என்ற இன்னொரு காணொளிச் சோதனையில் 20தான். ஆகவே இரண்டிலும் ஒரு மாதிரி 60 வாங்கியது என்றால், அவை ஒரே உயரமல்ல. வெவ்வேறு குறிகளிலிருந்து எடுத்த அளவுகள். குறி, கோல் இரண்டையும் 'அளவுகோல்' என்ற ஒரே சொல்லில் அடைத்தால் இந்த வேறுபாட்டை எப்படிச் சொல்வது? காணொளியைப் பார்க்காமல் வசன வரிகளை மட்டும் படித்தே விடை சொல்ல முடிகிற வினாக்கள் இருந்தால் அது குறியின் கோளாறு. வினாக்கள் முன்கூட்டியே பயிற்சித் தரவில் கலந்துவிட்டால், கோடு போட்ட சுவரே இறங்கிவிட்டது என்று பொருள். கோலைக் குறைசொல்லிப் பயனில்லை.

'மட்டக்குறி' என்ற சொல்லை நண்பர் ஒருவர் மறுத்தார்: 'மட்டம்' என்றால் தாழ்வு, 'மட்டமான சரக்கு' என்பார்களே என்றார். பள்ளிக்கு மட்டம் போடுவதையும் சேர்த்துக்கொள்ளலாம்! ஆனால், ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்ற கணக்கைப் பார்க்கும் எவரும் கடலைத் தாழ்வாக எண்ணுவதில்லை. பெஞ்ச்மார்க்கை 'மைல்கல்' என்று எழுதுவோரும் உண்டு. அது கடந்துபோகும் கல், திரும்பத் திரும்ப வந்து அளக்கும் கல் அன்று. அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே அது முட்டுவதைக் கவனிக்காத மொழிபெயர்ப்பாளர்கள் பெருகிவிட்டனர்.

பொது எழுத்தில் 'நேர்மைக்கு அவரே அளவுகோல்' என்று எழுதுவோருடன் எனக்குச் சண்டையில்லை. சோதனைத் தொகுப்பைக் குறிக்கும்போது மட்டும் 'மட்டக்குறி' என்றே எழுதுவேன்.