தரையைத் தொடாமல் மேலெழும் விமானம்

ஓடுபாதையை நெருங்கிய விமானம் திடீரென்று பேரிரைச்சலோடு மேலே ஏறினால் பயணிகள் பதறிப்போகிறார்கள். விமானிகள் இதைக் 'கோ-அரவுண்ட்' என்கிறோம். பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பழகியது. எனக்குப் பயம் தருவது, மேலேற வேண்டிய நேரத்தில் ஏறாத விமானம்தான்.

2010 மே 22, மங்களூரு. துபாயிலிருந்து வந்த போயிங் 737, இருக்க வேண்டியதைவிட மிக உயரத்திலிருந்து ஓடுபாதையை நோக்கி இறங்கியது. துணை விமானி மூன்று முறை 'கோ-அரவுண்ட்' என்றார். கேப்டன் கேட்கவில்லை. சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி கடந்த பிறகே சக்கரங்கள் தரையில் பட்டன. 158 பேர் இறந்தார்கள். வழியில் கேப்டன் நெடுநேரம் தூங்கியிருந்தார் என்பது பின்னர் விசாரணையில் தெரிந்தது.

2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு, நல்ல மழை. இறங்க வந்த விமானிகள் முதல் முறை சரியாகவே மேலேறிவிட்டார்கள். அடுத்த முறை எதிர்முனையிலிருந்து, பின்காற்றோடு வந்து, பாதி ஓடுபாதை தாண்டித் தரை தொட்டார்கள். அங்கும் துணை விமானி எச்சரித்திருந்தார். இரு விமானிகள் உட்பட 21 பேர் உயிரிழந்தனர். மறுநாள் காலை அதே ஊரிலிருந்து இன்னொரு விமானத்தை ஓட்ட வேண்டிய பொறுப்பு கேப்டனுக்கு இருந்தது. எப்படியாவது அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்றது விசாரணை அறிக்கை. இளம் விமானிகள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். ஆபத்து மழையில் மட்டும் இல்லை, பணி அட்டவணையிலும் இருந்திருக்கிறது.

அதனால்தான் இறங்கத் தொடங்கும் முன்பே, மனம் நிதானமாக இருக்கும்போதே முடிவைப் பேசி வைத்துவிடுகிறோம். 1,000 அடி உயரத்தில் வேகமோ இறங்கும் வீதமோ வரம்பை மீறியிருந்தால் விவாதமே கிடையாது, மேலேற வேண்டியதுதான். என்னுடன் பறக்கும் துணை விமானியிடம், "நீங்கள் சொன்னால் உடனே மேலேறுவேன், காரணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

இதற்கெல்லாம் கையில் எரிபொருள் இருக்க வேண்டும். போகியன்று அதிகாலை பனியும் புகையும் சூழ்ந்த சென்னைக்கு வருபவர், பெங்களூருக்குத் திரும்பிப் போகும் அளவுக்கு எரிபொருளோடு வந்தால்தான் நிதானமாக முடிவெடுப்பார். அப்படி மேலேறிய விமானியிடம் மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பும் நிர்வாகம், அடுத்த முறை அவரைத் தயங்க வைக்கிறது.