ஒரு சிட்டிகை மீன் தீனி தண்ணிக்குள்ள என்ன ஆகுது?

மீன் தொட்டி வைக்கலாம்னு முடிவு பண்ணதும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "இத்தனை லிட்டர் டேங்க்ல எத்தனை மீன் விடலாம்?" அப்படிங்கிறதுதான். இதுக்கு ரொம்ப காலமா ஒரு கணக்கு சுத்திக்கிட்டு இருக்கு, ஒரு இன்ச் மீனுக்கு ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட 4 லிட்டர் தண்ணின்னு. ஞாபகம் வெச்சுக்க சுலபம், ஆனா யோசிச்சுப் பாத்தா இந்தக் கணக்குப்படி 1 இன்ச் மீன் பத்தும் 10 இன்ச் மீன் ஒண்ணும் சமம். நீளம் 10 மடங்கு ஆச்சுன்னா அகலமும் உயரமும் கூடவே வளரும், அதனால உடம்பு எடை கிட்டத்தட்ட 1000 மடங்கு ஆகும். ஒரு பெரிய ஆஸ்கர் மீன் சாப்பிடுறதும் கழிக்கிறதும் எங்க, பத்து குட்டி டெட்ரா மீன் எங்க. என்னைக் கேட்டா கேள்வியையே மாத்திக்கணும், இந்த டேங்க் ஒரு நாளைக்கு எவ்ளோ தீனியை தாங்கும்னு கேளுங்க, மீன் எண்ணிக்கை தானா பின்னாடி வந்துடும்.

ஏன்னு பாக்கணும்னா தீனி டப்பாவை திருப்பிப் பாருங்க, புரோட்டீன் 40 சதவீதம் அப்படின்னு ஏதாவது போட்டிருக்கும். புரோட்டீனோட எடையில சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். அப்போ 1 கிராம் தீனியில 400 மில்லிகிராம் புரோட்டீன், அதுக்குள்ள 64 மில்லிகிராம் நைட்ரஜன். இதுல கொஞ்சம் மீனோட சதையா மாறும், மிச்சம் எல்லாம் தண்ணிக்குத்தான் வரும். நம்மளை மாதிரி யூரியாவா மாத்தி சிறுநீர்ல அனுப்புற வேலையெல்லாம் மீனுக்கு பெருசா கிடையாது, பெரும்பகுதியை அம்மோனியாவாவே செவுள் வழியா நேரா வெளியே விட்டுடும், சுத்தி தண்ணி இருக்குறதால அதுக்கு அதான் செலவில்லாத வழி. சாப்பிடாம அடியில போய் கிடக்குற தீனியும் அழுகி அதே அம்மோனியாவாதான் ஆகும். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம்னு ஒரு சாதாரண டேங்க் எடுத்துக்கிட்டா 54 லிட்டர் பிடிக்கும், அந்த 1 கிராம் தீனியோட நைட்ரஜன் முழுசும் அம்மோனியாவா மாறுச்சுன்னா லிட்டருக்கு கிட்டத்தட்ட 1.4 மில்லிகிராம். ஆறுல குளத்துல இதெல்லாம் ஒரு கணக்கே இல்லை, அங்க அடிச்சுக்கிட்டு போயிடும், கலந்துடும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள போறதுக்கு இடம் இல்லை.

இந்த அம்மோனியா தண்ணியில ரெண்டு உருவத்துல இருக்கும். ஒண்ணு சும்மா அம்மோனியா, இன்னொண்ணு ஒரு ஹைட்ரஜன் அயனை கூட ஒட்டிக்கிட்ட அம்மோனியம். அம்மோனியம் செவுளைத் தாண்டி அவ்ளோ சுலபமா உள்ள போகாது, அம்மோனியா சர்ருன்னு போயிடும், விஷம் அதுதான். எது எவ்ளோ இருக்கும்ங்கிறதை முடிவு பண்றது பிஹெச், அதாவது தண்ணி எவ்ளோ அமிலம் எவ்ளோ காரம்னு சொல்ற எண், 7 நடுநிலை, கீழ போனா அமிலம், மேல போனா காரம். 25 டிகிரி செல்சியஸ்ல பிஹெச் 7னா மொத்தத்துல 0.6 சதவீதம்தான் விஷ உருவம், பிஹெச் 8 ஆச்சுன்னா 5 சதவீதத்துக்கு மேல, 9க்குப் போனா மூணுல ஒரு பங்குக்கு மேல. அதனாலதான் அம்மோனியா எவ்ளோன்னு கலர்ல காட்டுற டெஸ்ட் கிட்ல ரெண்டு பேருக்கு ஒரே கலர் வந்தாலும் ஒருத்தர் டேங்க்ல மீன் ஜாலியா சுத்தும், இன்னொருத்தர் டேங்க்ல மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருக்கும், கிட் காட்டுறது ரெண்டும் சேர்ந்த மொத்தத்தைதான். தண்ணி சூடானாலும் விஷப் பங்கு கூடும்.

இந்த அம்மோனியாவை சாப்பிட்டு உயிர் வாழ்ற பாக்டீரியா இருக்குன்னு 1890 வாக்குல காட்டுனவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். நடுவுல வர்ற நைட்ரைட்டும் லேசுப்பட்டது இல்லை, ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபினைப் பிடிச்சு ஆக்சிஜன் தூக்க முடியாத மாதிரி மாத்திடும், ரத்தமே பழுப்பா போயிடும், தண்ணியில ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சு முட்டும். இதுக்கு உப்பு போடுறது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை, நைட்ரைட்டு செவுள்ல உள்ள போற வழியும் குளோரைடு போற வழியும் ஒண்ணுதான், குளோரைடு நிறைய இருந்தா அது முந்திக்கிட்டு போகும், நைட்ரைட்டுக்கு இடம் கம்மியாகும்.

இந்த பாக்டீரியா கதையில மீன் தொட்டிக்கே ஒரு பெருமை உண்டு. அம்மோனியாவை எரிச்சு வாழ்ற ஆர்க்கியாங்கிற வேற ஒரு உயிர் வகையை முதன்முதலா தனியா பிரிச்சு வளர்த்தது 2005ல, எடுத்த இடம் சியாட்டில் அக்வேரியத்துல இருந்த ஒரு கடல்நீர் தொட்டி. அப்புறம் 2015ல, ரெண்டு கட்ட வேலையையும் ஒரே ஆளா முடிக்கிற நைட்ரோஸ்பைரா வகை பாக்டீரியாவை ரெண்டு ஆராய்ச்சிக் குழு ஒரே சமயத்துல கண்டுபிடிச்சாங்க, அதுல ஒண்ணு மீன் வளர்ப்பு அமைப்போட ஃபில்டர்ல கிடைச்சது. நூறு வருஷத்துக்கு மேல "இது ரெண்டு பேர் சேர்ந்து செய்யுற வேலை"ன்னு பாடமா இருந்ததை மாத்துன விஷயம் அது.

சரி, நடைமுறைக்கு வருவோம். இந்த உயிர்கள் தண்ணியில மிதக்குறது ரொம்ப கம்மி, ஃபில்டர் ஸ்பாஞ்ச், மணல், கண்ணாடி, செடின்னு எது மேலயாவது வழவழன்னு ஒரு படலமா ஒட்டிக்கிட்டுதான் வாழும். இன்னொண்ணு, ரொம்ப மெதுவா பெருகும். சாதாரண பாக்டீரியா சிலது நல்ல சாப்பாடு கிடைச்சா 20 நிமிஷத்துல ரெண்டாகும், இதுங்களுக்கு பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளே ஆகும், ஏன்னா அம்மோனியாவுல இருந்து கிடைக்கிற சக்தி அவ்ளோ கம்மி, அதை வெச்சு கார்பன் டை ஆக்சைடுல இருந்து உடம்பையும் கட்டணும். அதனாலதான் புது டேங்க் தயாராக 4ல இருந்து 6 வாரம் வரைக்கும் ஆகுது. தண்ணி முதல் நாளே பளிச்சுன்னு இருக்கும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. மூணாவது நாலாவது நாள் பால் மாதிரி கலங்குதே அதுவும் இவங்க வேலை இல்லை, அது வேற பாக்டீரியா, கிடைச்ச கழிவைத் தின்னு திடீர்னு பெருகி அப்புறம் தானா அடங்கிடும்.

இந்த நாலு வாரத்தை மீன் இல்லாமலே ஓட்டுறதுதான் நியாயம். வெறும் டேங்க்ல ஃபில்டரை ஓட விட்டு தினமும் கொஞ்சூண்டு தீனி போடுங்க, இல்லன்னா வாசனை, சோப்பு எதுவும் கலக்காத அம்மோனியா கரைசலை சொட்டு சொட்டா விடுங்க, அம்மோனியா ஏறி இறங்கும், அப்புறம் நைட்ரைட்டு ஏறி இறங்கும், ரெண்டும் ஜீரோவுக்கு வந்து நைட்ரேட் தெரிய ஆரம்பிச்சா மீன் விடலாம். ஏற்கனவே நல்லா ஓடுற டேங்க் வெச்சிருக்குற நண்பர் கிட்ட இருந்து ஒரு அழுக்கு ஸ்பாஞ்ச் துண்டு கிடைச்சா வாங்கிடுங்க, பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஆனா அந்த டேங்க்ல நோய் இருந்தா அதுவும் கூடவே வரும், அதைப் பாத்துக்கணும்.

அந்த ஸ்பாஞ்சை குழாய்ல காட்டி பளபளன்னு தேய்ச்சு கழுவுறாங்க பாருங்க, அதுதான் நிறைய டேங்க் திடீர்னு கெட்டுப் போறதுக்குக் காரணம். குழாய்த் தண்ணியில குளோரின் போடுறதே கிருமியைக் கொல்லத்தான், அதுக்கு நல்ல கிருமி கெட்ட கிருமின்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. டேங்க்ல இருந்து எடுத்த பழைய தண்ணியிலயே ரெண்டு பிழி பிழிஞ்சா போதும். வெறும் குளோரின்னா தண்ணியை ஒரு நாள் திறந்து வெச்சா ஆவியாகிப் போயிடும், குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது, கலந்த தண்ணின்னா அது அவ்ளோ சுலபமா போகாது, சோடியம் தயோசல்பேட் இருக்குற மருந்து போட்டுத்தான் ஆகணும், அப்பவும் குளோரமின் உடைஞ்சு கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும்.

பாக்டீரியாவுக்கு ஆக்சிஜனும் வேணும், அதுவும் கொஞ்ச நஞ்சம் இல்லை. 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் வரைக்கும் கொண்டு போக சுமார் 4.5 கிராம் ஆக்சிஜன் செலவாகும். தண்ணியில இருக்குற கையிருப்போ ரொம்ப கம்மி, ஒரு லிட்டர் காத்துல 270 மில்லிகிராம் மாதிரி ஆக்சிஜன் இருக்கு, ஒரு லிட்டர் தண்ணியில 25 டிகிரியில அதிகபட்சம் 8.2 மில்லிகிராம், 30 டிகிரியில 7.5தான். சூடு ஏற ஏற மீனுக்கு தேவை கூடும், தண்ணியில இருப்பு குறையும், வெயில் காலத்துல கஷ்டம் அங்கதான் வருது. ஏர் பம்ப் விடுற குமிழி நேரா ஆக்சிஜனைக் கரைக்கிறது கொஞ்சம்தான், அது மேல ஏறும்போது அடித்தண்ணியை தூக்கிட்டு வந்து மேல்பரப்பை கலக்கி விடுதே, முக்கிய வேலை அது. அதனால மேல்பரப்பு அகலமா இருக்கணும். கழுத்து வரைக்கும் நிரப்புன உருண்டைக் கண்ணாடி ஜாடி பாக்க அழகு, உள்ள இருக்குற கோல்டு ஃபிஷ்ஷுக்கு அது தண்டனை. ஃபைட்டர் மீன் மட்டும் தலையில இருக்குற லாபிரிந்த் உறுப்பை வெச்சு மேல வந்து காத்தை நேரா குடிக்கும், அதனால மூச்சு விஷயத்துல தப்பிக்கும், அம்மோனியா அதையும் விடாது.

உயரமான டேங்கை விட நீளமான டேங்க் நல்லதுன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் கண்ணாடி. தண்ணி அழுத்தம் ஆழத்தைப் பொறுத்துதான், டேங்க் எவ்ளோ நீளம்ங்கிறது அதுல வராது. நம்ம 54 லிட்டர் டேங்க் முன் கண்ணாடி மேல சுமார் 27 கிலோ எடைக்கு சமமான தள்ளு விசை இருக்கும், அதே நீளத்துல உயரத்தை மட்டும் ரெண்டு மடங்காக்குனா விசை நாலு மடங்கு, 108 கிலோ. தண்ணி மட்டுமே 54 கிலோ, மணல் கல் கண்ணாடி எல்லாம் சேர்ந்தா இன்னும் கூடும், ஆடுற மேஜை மேல வெச்சுடாதீங்க.

கடைசியா மிஞ்சுற நைட்ரேட் அவ்ளோ விஷம் இல்லை, ஆனா சேர்ந்துக்கிட்டே போகும். செடி கொஞ்சம் எடுக்கும், அதுலயும் செடிக்கு அம்மோனியம்தான் இன்னும் பிடிக்கும், வேகமா வளர்ற மிதக்கும் செடி நல்லா உறிஞ்சும். செடி, நத்தை, மீன் மூணும் சேர்ந்தா தொட்டி தன்னைத் தானே பாத்துக்கும்னு 1850ல ராபர்ட் வாரிங்டன் எழுதுனார், அவர் வெச்சிருந்த மீன் ரொம்ப கம்மிங்கிறதை மட்டும் எல்லாரும் மறந்துடுறாங்க. நம்ம டேங்க்ல தண்ணி மாத்தித்தான் ஆகணும். இதுல ஒரு கணக்கு நிறைய பேருக்குத் தெரியாது. வாரம் 2 கிராம் தீனி போட்டா 54 லிட்டர்ல நைட்ரேட் ஏறக்குறைய 10 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம், ஏறும்னு வெச்சுக்கோங்க. வாரம் 25 சதவீதம் தண்ணி மாத்துறீங்க, அப்போ நைட்ரேட் எங்க போய் நிக்கும்? 10ல நிக்காது, 40 வரைக்கும் ஏறித்தான் நிக்கும், ஏன்னா 40ல கால் பங்கு எடுத்தாதான் வந்த 10 வெளிய போகும். 50 சதவீதம் மாத்துனா 20ல நின்னுடும். தீனியை ரெட்டிப்பாக்கி 25 சதவீதமே மாத்துனீங்கன்னா 80. வாரம் ஏறுறதை மாத்துற பங்கால வகுத்தா வர்ற எண்தான் உங்க டேங்க்.

தண்ணியே மாத்தாத பழைய டேங்க்ல இன்னொரு ஆபத்து இருக்கு. நைட்ரேட் உருவாகும்போது அமிலமும் உருவாகும், அது பிஹெச் இறங்காம பிடிச்சு வெச்சிருக்குற, தண்ணியில கரைஞ்ச கார்பனேட்டை மெல்ல மெல்ல தின்னு தீர்த்துடும், ஒரு நாள் பிஹெச் 6க்கு கீழ இறங்கிடும். அங்க பாக்டீரியா மந்தமாயிடும், அம்மோனியா சேரும், ஆனா பிஹெச் கம்மியா இருக்குறதால எல்லாம் அம்மோனியம் உருவத்துல சாதுவா கிடக்கும், மீனும் நல்லாத்தான் இருக்கும். திடீர்னு ஒரு ஞாயித்துக்கிழமை ஞானம் வந்து 80 சதவீதம் புதுத் தண்ணி ஊத்துவாங்க, பிஹெச் எகிறும், மிச்சம் இருக்குற அம்மோனியம் விஷமா மாறும், "சுத்தம் பண்ணேன், மீன் செத்துடுச்சு"ம்பாங்க. இப்படிப்பட்ட டேங்க்ல 10 சதவீதம் 10 சதவீதமா நாள் விட்டு நாள் மாத்தித்தான் வழிக்குக் கொண்டு வரணும்.

எந்த மீனை விடலாம்ங்கிறதுல, வாங்குற அன்னைக்கு இருக்குற சைஸைப் பாக்காதீங்க. கண்ணாடியை சுத்தம் பண்ணும்னு 5 சென்டிமீட்டர்ல வர்ற சக்கர் மீன் 30 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும், அதுவும் சாப்பிடுது, அதுவும் கழிக்குது, சொல்லப் போனா சுத்தம் பண்றதை விட அழுக்காக்குறது அதிகம். நியான் டெட்ரா கூட்டமா வாழ்ற மீன், ஆறு எட்டுன்னு வாங்குனாதான் ஒளிஞ்சுக்காம வெளிய சுத்தும். ரெண்டு ஆண் ஃபைட்டரை ஒண்ணா விடக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். கப்பியில பொண்ணு மட்டும் வாங்கிட்டோம், குட்டி வராதுன்னு நினைக்காதீங்க, ஆண் விந்தை மாசக்கணக்கா உள்ள சேமிச்சு வெச்சு அடுத்தடுத்து குட்டி போடும், அந்தக் குட்டிகளுக்கும் தீனி உண்டுல்ல.

பையில வந்த மீனை விடுறதுலயும் அதே பிஹெச் விஷயம் வரும். நன்னீர் மீன் உடம்புக்குள்ள இருக்குற உப்பு வெளித் தண்ணியை விட அதிகம், அதனால தண்ணி செவுள் வழியா உள்ள வந்துக்கிட்டே இருக்கும், மீன் அதை நீர்த்த சிறுநீரா தள்ளிக்கிட்டே இருக்கும், தண்ணியோட உப்புத்தன்மை சட்டுன்னு மாறுனா இந்த ஏற்பாடு தடுமாறும். பக்கத்துல இருந்து வாங்கிட்டு வந்ததுன்னா பையை 15, 20 நிமிஷம் மிதக்க விட்டு, அப்புறம் டேங்க் தண்ணியை கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து விடலாம். ஒரு நாள் ரெண்டு நாள் பயணம் பண்ணி வந்த பைன்னா வேற கதை, உள்ள மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடால பிஹெச் இறங்கி அம்மோனியா எல்லாம் அடங்கி இருக்கும், பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி பிஹெச் ஏற ஆரம்பிக்கும், அந்தத் தண்ணியிலயே மணிக்கணக்கா மீனை வெச்சுக்கிட்டு இருந்தா நல்லது பண்றோம்னு நினைச்சு கெடுதல்தான் பண்றோம். வெப்பம் சமமானதும் திறந்து, வலையில மீனை மட்டும் எடுத்து டேங்க்ல விடுங்க, பைத் தண்ணி சாக்கடைக்கு. அன்னைக்கு லைட்டும் வேணாம், தீனியும் வேணாம். அடுத்த செட் மீன் ரெண்டு மூணு வாரம் கழிச்சு, அதுவும் நடுவுல ஒரு தடவை அம்மோனியாவும் நைட்ரைட்டும் டெஸ்ட் பண்ணி ரெண்டும் ஜீரோன்னு பாத்துட்டு.