ஜீரோ டு ஹண்ட்ரட் பார்த்து கார் எடுக்காதீர்கள்

கோவையில் ஒர்க்‌ஷாப் வைத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. புது கார் எடுக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் ஷோரூமுக்குப் போகும் முன் இங்கே வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். முன்பெல்லாம் மைலேஜ்தான் கேள்வி. இப்போது செல்போனை நீட்டி, "அண்ணா, இது ஜீரோ டு ஹண்ட்ரட் இத்தனை செகண்ட், அது இத்தனை செகண்ட், எதை எடுக்கட்டும்?" என்கிறார்கள். அந்த ஒரு எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் சாலையில் நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டிய அவசரம் யாருக்கும் வருவதில்லை. நாற்பதில் போகிற லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, எதிர்வண்டி வருவதற்குள் தாண்டியாக வேண்டிய நிலைமைதான் தினமும் வருகிறது.

போன மாதம் வந்தவர் மனதில் இருந்தவை பலேனோ 1.2, ஃப்ரான்க்ஸ் 1.0 டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி உள்ளது). இரண்டும் மாருதி, இரண்டும் ஒரே அடித்தளத்தில் கட்டிய வண்டிகள் என்பதால் ஒப்பிட வசதியான ஜோடி. பலேனோவின் நான்கு சிலிண்டர் 1197 சிசி இன்ஜின் 90 பிஎஸ் (குதிரை சக்தி) தருகிறது. ஃப்ரான்க்ஸின் மூன்று சிலிண்டர் 998 சிசி டர்போ 100 பிஎஸ். வித்தியாசம் பத்துதானே, அதற்கா இவ்வளவு கூடுதல் விலை என்று கேட்டார். நியாயமான கேள்வி. எடையையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பத்தும் கரைந்துவிடும்: பலேனோ சுமார் 940 கிலோ, ஃப்ரான்க்ஸ் டர்போ ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு டன்னுக்கு இத்தனை பிஎஸ் என்று கணக்குப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

ஆனால் அந்த 90, 100 எல்லாம் இன்ஜின் ஐயாயிரம் ஆறாயிரம் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) கதறும்போது கிடைப்பவை. வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு யாரும் அப்படி ஓட்டுவதில்லை. நாம் ஓட்டுவது இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறில். அங்கே பேச வேண்டியது டார்க், அதாவது இழுவை. பலேனோவின் அதிகபட்ச டார்க் 113 நியூட்டன் மீட்டர், அதுவும் 4400 ஆர்பிஎம்மில். ஃப்ரான்க்ஸ் டர்போவில் 147.6, இது 2000-லேயே வந்து 4500 வரை அப்படியே நிற்கிறது. 2000 ஆர்பிஎம்மில் டர்போ கொடுக்கும் சக்தி 42 பிஎஸ். பலேனோ தன் 113-ஐயும் முழுசாக அங்கேயே கொடுத்தால்கூட 32 பிஎஸ்ஸைத் தாண்டாது. காகிதத்தில் பத்து சதவீதமாகத் தெரிந்த வித்தியாசம் காலுக்குக் கீழே முப்பது சதவீதத்துக்கு மேல் ஆகிறது.

அதற்காக டர்போதான் எல்லோருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். டர்போ இன்னும் வேகம் பிடிக்காத கீழ் ஆர்பிஎம்மில் அது வெறும் ஒரு லிட்டர் இன்ஜின், கொஞ்சம் காத்திருந்துதான் பாயும். காந்திபுரம் டிராஃபிக்கில் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கி ஊர்வதற்கு பலேனோவின் நான்கு சிலிண்டர்தான் சுகம். டர்போ வண்டிக்கு ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடவும் கூடாது.

வந்தவர் மாதம் இரண்டு முறை சத்தியமங்கலம், திம்பம் வழியாக சாம்ராஜ்நகர் போகிறவர், கூடவே அம்மா அப்பா, மனைவி, பையன். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. ஆளுக்கு 65 கிலோ என்று ஐந்து பேர், சாமான் ஐம்பது கிலோ, மொத்தம் 375 கிலோ ஏறுகிறது. இரண்டு பேர் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்த பலேனோவைவிட இது கிட்டத்தட்ட கால் பங்கு கனமான வண்டி, ஏசியும் ஓடுகிறது. உயரம் போகப் போகக் காற்றும் மெலிகிறது. 2,240 மீட்டர் உயர ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, சாதாரண பெட்ரோல் இன்ஜினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும். டர்போ காற்றை அழுத்தித் தள்ளுவதால் இதில் பெரும்பகுதியைச் சரிக்கட்டிவிடுகிறது.

இனி உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு. முன்னால் 12 மீட்டர் லாரி 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நீங்கள் 40-லிருந்து 70-க்கு ஏறித் தாண்டப் பார்க்கிறீர்கள். (இருவழிச் சாலையில் காருக்கு 70தான் எல்லை என்று 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு சொன்னது.) அந்த வேகத்துக்கு ஏற ஐந்து செகண்ட் ஆனால், முன்னும் பின்னும் இடைவெளி விட்டு லாரியைத் தாண்டி முடிக்க ஏழே கால் செகண்ட். எட்டு செகண்ட் ஆனால், ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றரை செகண்ட்தானே என்று தோன்றும். ஆனால் எதிரே ஒருவர் 70-ல் வந்தால் முதல் கணக்குக்கு உங்களுக்கு 265 மீட்டர் காலிச் சாலை வேண்டும், இரண்டாவதுக்கு 310. நான்கு பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளம் கூடுதலாகத் தேவை.

இந்த ஐந்தும் எட்டும் இரண்டு வேறு கார்களாக இருக்க வேண்டியதில்லை. ஒரே கார், மூன்றாவது கியரில் ஒன்று, நான்காவதில் இன்னொன்று. பிக்கப் போய்விட்டது என்று என்னிடம் வரும் வண்டிகளை நானே ஓட்டிப் பார்க்கும்போது பல தடவை வண்டியில் ஒன்றும் இருக்காது, ஓட்டுகிறவர் நாற்பதில் நான்காவது கியரில் ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதித்துக்கொண்டிருப்பார். மற்றபடி காற்று குறைந்த டயர், அடைத்த ஏர் ஃபில்டர், வழுக்குகிற கிளட்ச், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக். ஏஎம்டி (கிளட்ச் இல்லாமல் தானாகக் கியர் மாற்றும்) வண்டியாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: மிதித்ததும் அது கியர் இறக்குகிற அந்த ஒரு நொடி சக்கரத்துக்கு இழுவை போகாது, அதனால் வலது பக்கம் ஏறும் முன்பே மேனுவலுக்கு மாற்றி ஒரு கியர் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் சொன்னது இதுதான். டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதே, வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொள், ஏசியை இரண்டில் வை, ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் நாற்பதில் போய், சாலை காலியாக இருக்கும்போது மிதித்து, எழுபதை எட்ட எத்தனை செகண்ட் என்று பக்கத்தில் இருப்பவரை எண்ணச் சொல். இரண்டு காரையும் அதே மேம்பாலத்தில். ஷோரூம்காரர்கள் சுணங்கினால், அவர்களிடம் நேரம் கேட்டு இன்னொரு நாள் போ.