பித்தம் தெளிய எத்தனை குடம் தண்ணீர்?

"அயர்லாந்தில் ஓர் ஊற்றுத் தண்ணீர் பைத்தியத்தைத் தெளிய வைக்குமாமே, காரணம் அதில் கரைந்திருக்கும் லித்தியம் என்ற உலோகமாமே?" என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். கெர்ரி மாவட்டத்தின் டிங்கிள் தீபகற்பத்தில், கேம்ப் கிராமத்தை ஒட்டிய பள்ளத்தாக்கு அது. ஐரிஷில் கிளான் ந ஙால்ட், அதாவது பித்தர்களின் பள்ளத்தாக்கு. (ஆங்கில வடிவமான கிளானகால்ட்டில் ஙகரம் காணாமல் போய்விட்டது.) புத்தி பேதலித்தவரைக் கால்கள் தாமே இங்கே இழுத்து வருமாம், ஊற்றுநீரைக் குடித்து, அதன் ஓரத்து வாட்டர்கிரெஸ் கீரையைத் தின்றால் தெளியுமாம்.

பித்து வெறியை (மேனியா) லித்தியம் அடக்கும் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் எழுதியது உண்மைதான். ஆனால் எவ்வளவு லித்தியம்? ஒரு நாளைக்கு மருந்தாக 1,000 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட் உப்பு கொடுத்தால், அதில் லித்தியம் மட்டும் 188 மில்லிகிராம். ஊற்றில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியும் தினம் 1,880 லிட்டர் குடிக்க வேண்டும். நூறு குடம்!

லித்தியத்தின் கதையில் எனக்குப் பிடித்த இடம் சிறுநீரகம். அதற்கு லித்தியத்தையும் சோடியத்தையும் சரியாகப் பிரித்தறியத் தெரியாது. வடிகட்டிய லித்தியத்தில் சுமார் 80 சதவீதத்தைச் சோடியத்தோடு சேர்த்தே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. வாந்தி, பேதி, உப்பில்லாப் பத்தியம் என்று உடலில் சோடியம் குறைந்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும், லித்தியமும் கூடவே ஏறும். இபுபுரூஃபன் மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை மருந்து, 1.5 தாண்டினால் கைநடுக்கம், குழறல், குழப்பம். அதனால்தான் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள்.

ஜப்பானின் ஒயிட்டா மாகாணத்தில் 18 ஊர்களின் குடிநீரை ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வில், லித்தியம் கூடுதலான ஊர்களில் தற்கொலை விகிதம் குறைவாக இருந்தது. அங்கே அதிகபட்சமே லிட்டருக்கு 59 மைக்ரோகிராம். ஊர்ச் சராசரிகளுக்கு இடையிலான அந்தத் தொடர்பு, நோயாளி குணமானதற்குச் சான்றாகாது.

பிறகு கதை எப்படி நிலைத்தது? பித்து வெறி பல நேரம் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே தணியும். தெளிந்தவர் ஊற்றைப் புகழ்வார். தெளியாதவர் பேச்சை யார் கேட்டார்கள்?

பெயரும் கதையும் இருக்கட்டும், அவை அழகு. ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதித்துவிட்டு "அறிவியல் நிரூபித்தது" என்பதுதான் எரிச்சல். முறையாகச் செய்ய பெரிய நிதி ஒன்றும் வேண்டாம். கோடையிலும் மழையிலும் நீர் எடுத்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் சில துளி விட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். எந்தக் கதையும் இல்லாத பக்கத்து ஊற்றுகளிலிருந்தும் எடுக்க வேண்டும். அங்கேயும் அதே அளவு இருந்தால் லித்தியக் கதை அத்தோடு சரி.