பேனலுக்கு முன்னால் ஃபேனைப் பாருங்கள்

சோலார் வேலைக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. திண்டுக்கல், வத்தலக்குண்டு, சிறுமலை அடிவாரம் என்று இந்தப் பக்கம்தான் அலைச்சல். முன்பெல்லாம் லைன் எட்டாத தோட்டத்து வீட்டுக்காரர்கள்தான் கூப்பிடுவார்கள். இப்போது வருகிற போன் வேறு மாதிரி. "அடிவாரத்துல மூணு ஏக்கர் வாங்கியிருக்கோம் சார். ஈபி லைனே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். சுற்றுச்சூழலுக்கு நம்மால முடிஞ்சது. எத்தனை பேனல் வேணும்?"

நல்ல எண்ணம்தான். ஆனால் பேனல் கணக்கு கடைசியில் வருவது. நான் முதலில் கேட்பது, "வீட்டில் எத்தனை ஃபேன் ஓடும்?" என்பதுதான். பலருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. பேனல் விற்க வந்தவன் ஏன் ஃபேனை விசாரிக்கிறான் என்று பார்ப்பார்கள்.

காரணம் இருக்கிறது. சாதாரண சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். நான்கு ஃபேன், ராத்திரி பத்து மணி நேரம் என்றால் 3 யூனிட். இதே நான்கும் கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் என்றால் ஒன்றுக்கு 30 வாட் வைத்துக்கொள்ளுங்கள், 1.2 யூனிட்டில் முடிந்துவிடும். மிச்சம் 1.8 யூனிட். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ராத்திரியில் வெயில் கிடையாது, அந்த 1.8 யூனிட்டையும் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியில் ஏட்டுக் கணக்குப்படி 1.8 யூனிட் இருக்கும். ஆயுள் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆக, கைக்கு வருவது 0.9 யூனிட். நான்கு ஃபேனை மாற்றினால் இரண்டு பேட்டரி வாங்க வேண்டியதே இல்லை. ஃபேன் மாற்றும் செலவு ஒரு பேட்டரி விலைக்குள் அடங்கிவிடும். பேட்டரி ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, ஈயமும் ஆசிட்டுமாக. ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். சுற்றுச்சூழலுக்கு எது நல்லது என்று கேட்டால் என் பதில் ஃபேனில்தான் தொடங்கும்.

அப்புறம், சூடு பண்ணுகிற எதையும் பேட்டரியில் மாட்டாதீர்கள். அயர்ன் பாக்ஸ் 1,000 வாட், இண்டக்ஷன் அடுப்பு 2,000 வாட், கெய்சர் அதே அளவோ அதற்கு மேலோ. வெந்நீருக்குக் கூரையில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்தால் வெயிலின் சூடு நேராகத் தண்ணீரில் இறங்கும். அதைக் கரண்ட்டாக்கி, பேட்டரியில் அடைத்து, மறுபடி சூடாக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. பெரிய இன்வெர்ட்டரும் கவனிக்க வேண்டிய ஆசாமி. "எதுக்கும் இருக்கட்டும்" என்று தேவைக்கு இரண்டு மடங்கு வாங்கி வைப்பார்கள். எதுவும் ஓடாதபோதும் அது தனக்கென்று 40 வாட் தின்றால் நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் போச்சு. முழுதாக ஒரு பேட்டரியின் உழைப்பு.

பேனல் விஷயம் சுலபம். தெற்கு பார்த்து, நம் ஊருக்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வு. நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் பேனலுக்கு நாளைக்கு நாலு யூனிட் வரும். தென்னை ஓலை நிழல் ஒரு ஓரத்தில் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்கத் தளர்ந்துவிடும். எச்சம், தூசி படிந்தால் காலையில் சூடேறும் முன் கழுவிவிட வேண்டும். அவ்வளவுதான்.

சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில்தான். என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், அடிவாரத்தில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு இரண்டு கிலோவாட் பேனலும் நான்கு பேட்டரியும் போட்டுக் கொடுத்தேன். சித்திரை வெயிலைப் பார்த்துப் போட்ட கணக்கு. மழை பிடித்து நாலைந்து நாள் மூட்டமாக இருந்தபோது பேனல் கால்வாசிகூடக் கொடுக்கவில்லை. பேட்டரி இறங்கி இன்வெர்ட்டர் அடிக்கடி கட் ஆனது. அந்த வீட்டு மகன் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் போட்டுக் கத்தினார். மறுநாள் போய், பேட்டரி எவ்வளவு இறங்கினால் இன்வெர்ட்டர் நிற்க வேண்டும் என்கிற கட்-ஆஃப் வோல்டேஜைக் குறைத்து வைத்துவிட்டு வந்தேன். போன் நின்றது. பேட்டரி செத்தது. அடிமட்டம் வரை இறங்கி அப்படியே கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. ஐந்தாறு வருடம் உழைக்க வேண்டியது இரண்டாம் வருடமே போய்விட்டது.

அதைவிட எனக்கு உறைத்தது அடுத்து நடந்தது. பழைய இரும்புக்காரர் ஒருவர் வண்டியோடு வந்தார். எடை குறையட்டும் என்று மூடியைக் கழற்றி, வரப்போரத்தில் ஆசிட்டைக் கவிழ்த்தார். அந்தப் பக்கம் சுண்ணாம்பு கலந்த சுக்கான் மண். புஸ்ஸென்று நுரைத்தது. கந்தக அமிலத்தோடு ஈயத்தூளும் சேர்ந்துதான் அந்த மண்ணில் இறங்கியது. இப்படிப் போகிற பேட்டரிகளில் பல ஏதோ ஒரு கொட்டகையில் உடைத்து உருக்கப்படும். அந்தப் புகையும் தூசியும் முதலில் போய்ச் சேர்வது அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தில். உலகில் மூன்று குழந்தைகளில் ஒன்றின் ரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது என்று 2020-இல் யுனிசெஃப் அறிக்கை சொன்னது. முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது காட்டியது, முறையில்லாமல் உருக்கப்படும் இந்த ஈய பேட்டரிகளைத்தான்.

ஆகவே பழைய பேட்டரியை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது. புதியது வாங்கும்போது பழையதற்கு விலையும் கழிப்பார்கள். வாசலுக்கு வருபவர் இருநூறு, முந்நூறு கூடத் தருவார்தான். அந்தக் கூடுதல் காசு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் கொடுக்க மனம் வராது. இதற்கு மாற்றாகக் கிடைக்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் ஈயமும் இல்லை, ஊற்ற ஆசிட்டும் இல்லை. எண்பது சதவீதம் வரை எடுக்கலாம், பத்து வருடம் ஓடும். விலைதான் கடிக்கும். அதில் நல்ல விலை போகும் கோபால்ட், நிக்கல் இல்லாததால் மறுசுழற்சி செய்பவருக்குப் பெரிய வருமானம் கிடையாது. அதனால் அதையும் சுத்தத் தங்கம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப லைன் இருக்கிறவங்க என்ன சார் செய்றது?" என்பார்கள். லைனை வெட்டாதீர்கள் என்பேன். வாசல் வரை கம்பம் இருக்கும்போது பேட்டரி அடுக்கி ஆஃப்-கிரிட், அதாவது லைனே இல்லாமல், போவது, பெரும்பாலான வீடுகளில், சுமையைக் கூட்டுகிற வேலை. கிரிட்டோடு, அதாவது ஈபி லைனோடு, இணைந்த சோலார் போட்டு நெட் மீட்டர் வைத்தால் பகலில் மிஞ்சுவது லைனுக்குப் போகும், ராத்திரி லைனிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு (பிஎம் சூர்ய கர்) திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, அதுவும் கிரிட்டோடு இணைந்தால்தான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஈபி கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் மேல் உங்கள் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. தெரியாமல் வாங்கிவிட்டு, உச்சி வெயிலில் வீடு இருண்டு கிடக்கிறதே என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

புயலுக்கு என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் நாள்கணக்கில், சில ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தொட்டி நிரப்பவும் செல்போனுக்கு சார்ஜ் போடவும் ஜெனரேட்டரைத் தேடி அலைந்தார்கள். அப்படிப்பட்ட நாளுக்கு ஒரு பேட்டரியும், நாலு விளக்கையும் ஒரு ஃபேனையும் ஓட்டுகிற சின்ன இன்வெர்ட்டரும் போதும். தண்ணீருக்கு மழையையே பிடித்து வையுங்கள். 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 900 லிட்டர். உயரத்தில் தொட்டி வைத்தால் தண்ணீர் மோட்டார் இல்லாமல் இறங்கும்.

நான் பேட்டரியைக் கொன்ற அந்த வீட்டுக்குப் பாதி விலையை என் கையிலிருந்து போட்டுப் புது பேட்டரி வைத்தேன். இன்றும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டரோடு போகிறேன். அங்கே மகனைவிட அம்மாதான் கெட்டி. சமையலறைச் சுவரில் ஒரு சிலேட்டு தொங்கும். காலையில் மீட்டரில் தெரிகிற பேட்டரி வோல்டேஜை எழுதி வைப்பார். மோட்டார், கிரைண்டர் எல்லாம் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள். முதல்நாள் சாயங்காலம் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் அரிசி ஊறப்போடுவாராம்.

போன ஐப்பசியில் போனபோது கிரைண்டர் மேல் துண்டு போர்த்திக் கிடந்தது. "என்னம்மா, ரிப்பேரா?" என்றேன்.

"ரிப்பேரெல்லாம் இல்ல தம்பி. நாலு நாளா மூட்டம். இன்னைக்கும் உப்புமாதான், உக்காருங்க."