மதுரையில் வீட்டுக்குள் வெள்ளம்: தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

2024 அக்டோபர் 25, பிற்பகல் 3 மணி. மதுரையில் கால் மணி நேரத்துக்குள் சுமார் 4.5 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. அன்றைய மொத்த மழையே 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கீழேதான். செல்லூர்ப் பக்கம் பந்தல்குடி கால்வாயை ஒட்டிய தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அதே 10 சென்டிமீட்டர் நாள் முழுக்க நிதானமாகப் பெய்திருந்தால் யாரும் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றியிருக்க வேண்டாம். ஆக, எவ்வளவு மழை என்பது பாதிக் கேள்வி. எவ்வளவு வேகத்தில் வந்தது, வந்த தண்ணீர் வடிய எவ்வளவு நேரம் பிடித்தது என்பதுதான் மீதி.

ஒரு கணக்கு போடலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் சரியாக 1 லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 4.5 சென்டிமீட்டர் விழுந்தால் 4,000 லிட்டருக்கு மேல் ஆகிவிடும். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 4.5 கோடி லிட்டர். அது கால் மணி நேரத்தில் விழுகிறது என்றால் விநாடிக்கு சுமார் 1,750 கன அடி. வைகை அணையிலிருந்து இருபோகப் பாசனத்துக்கு 900 கன அடி திறப்பு என்று செய்தி படிப்போமே, கிட்டத்தட்ட அதைப்போல இரண்டு மடங்கு. ஊரின் ஒரே ஒரு சதுர கிலோமீட்டர் மேல்!

இவ்வளவும் ஒரே நொடியில் கால்வாய்க்கு வந்து சேராது. எப்போது வந்து சேரும் என்பதைத் தரைதான் முடிவு செய்கிறது. மண்ணும் புல்லும் ஒரு பங்கைக் குடித்துக்கொள்ளும், மிச்சத்தைத் தடுத்துத் தடுத்து அனுப்பும். தார்ச்சாலை, சிமென்ட் தளம், மொட்டை மாடிக் குழாய் இவையெல்லாம் அப்படியே வழித்து விட்டுவிடும். வாசல் முழுக்க டைல்ஸ் ஒட்டிவிட்டு மாநகராட்சியை மட்டும் திட்டுகிறோம் என்பதும் ஒரு பக்கம் இருக்கிறது. அது சின்னப் பங்குதான், சரி.

பெரிய பங்கு கண்மாய்களுடையது. கண்மாயைப் பாசனத்துக்கு வெட்டியது என்று மட்டும் நினைக்கிறோம். வெள்ளத்தை அது தாமதப்படுத்தவும் செய்கிறது. 10 ஹெக்டேர் கண்மாயில் நீர்மட்டம் 45 சென்டிமீட்டர் உயர்ந்தால், மேலே சொன்ன 4.5 கோடி லிட்டரும் அதற்குள் அடங்கிவிடும். முழங்கால் உயரம்தான்! பிறகு கலுங்கு, அதாவது உபரி நீர் வழியும் கட்டு வழியாக மணிக்கணக்கில் மெல்ல வெளியேறும். ஆனால் அந்த முழங்கால் உயரம் காலியாக இருக்க வேண்டும். ஆண்டு முழுக்கக் கழிவுநீர் சேர்ந்து, ஆகாயத்தாமரை மூடி, முன்கூட்டியே நிரம்பிக் கிடக்கும் கண்மாய் எதையும் வாங்காது. மேலே வந்ததை வந்த வேகத்தில் மறுகாலில், அதாவது உபரி நீர் ஓடும் வாய்க்காலில் தள்ளும். உலகநேரிக் கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளையே எழுந்துவிட்ட ஊர் இது. இருக்கிற கண்மாய்களிலாவது இடம் விட வேண்டும்.

அடுத்தது கால்வாய். பாதி ஆழத்துக்கு மண் மூடினால் பாதித் தண்ணீராவது போகும் என்று தோன்றும். போகாது. ஆழம் குறையக் குறைய, ஓடும் நீரில் பெரும்பங்கு அடித்தரையோடு உரசியபடி போவதால் வேகமும் குறைகிறது. அகலமான கால்வாயில் ஆழம் பாதியானால் போகும் நீர் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். குழாய் இன்னும் மோசம். விட்டம் பாதியானால் கொள்ளளவு கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. ஐப்பசி மழைக்கு முன்னால் தூர்வாரச் சொல்லிக் கத்துகிறோமே, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வழியில் ஒரு தெருப்பாலத்துக்கு அடியில் சின்னக் குழாய் ஒன்று இருந்தால், மேலே எத்தனை பொக்லைன் இறங்கினாலும் அந்தக் குழாய் விடுகிற அளவுதான் போகும்.

2024 மழைக்குப் பிறகு, செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்கு 290 மீட்டர் நீளத்துக்கு 11.9 கோடி ரூபாயில் சிமென்ட் கால்வாய் அறிவித்தார்கள். வழவழப்பான சுவரில் உரசல் குறைவு, தண்ணீர் வேகமாகப் போகும். போய்ச் சேருகிற இடத்தில் ஆறு தாழ்ந்திருக்கிற வரைக்கும்தான் இது பலிக்கும். வைகையிலேயே வெள்ளம் போனால் கால்வாயின் வாய் மூழ்கி, தண்ணீர் வந்த வழியே எதிர்த்து ஏறும். அதற்குக் கால்வாய் ஆற்றில் சேரும் கடைவாயில் ஷட்டரும், ஷட்டரை மூடிய பிறகு உள்ளே சேருவதை இறைக்க மோட்டாரும் வேண்டும்.

சாலை கதை தனி. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, வீடு பள்ளமாகிவிட்ட தெருக்கள் மதுரையில் ஏராளம். சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். மனுவில் இதைக் குறிப்பிடலாம்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் மனுக்களில் பெரும்பாலும் “ஆண்டுதோறும் தண்ணீர் புகுகிறது, நடவடிக்கை எடுக்கவும்” என்றுதான் இருக்கும். அதோடு நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். மழை தொடங்கியது, வாசலைத் தாண்டியது, உச்சத்துக்கு வந்தது, வடிந்தது. சுவரில் கரிக்கோடு போட்டு அளந்த உயரமும் சேரட்டும். மழையோடு ஏறி, மழை விட்ட அரை மணியில் வடிந்தால் கோளாறு பெரும்பாலும் உங்கள் தெருவிலேயே இருக்கிறது: அடைத்த வடிகால் வாய், உயர்ந்த சாலை. மழை விட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ஏறினால் அது பெரும்பாலும் மேலேயுள்ள கண்மாயின் மறுகால் தண்ணீர்; உங்கள் தெரு வடிகாலை அகலப்படுத்தி மட்டும் பயனில்லை. வைகையில் தண்ணீர் அதிகமாக ஓடுகிற நாளில் மட்டும் வந்தால் கடைவாயைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

வாசலில் தண்ணீர் நிற்கும் முன்பே கழிப்பறையில் கொப்பளித்தால், வழி வேறு. பெரும்பாலும் அக்கம்பக்கத்து மாடிக் குழாய்களைப் பாதாளச் சாக்கடையில் சேர்த்திருப்பார்கள். சாக்கடை நிரம்பி, தெருவிலேயே தாழ்ந்த வீட்டில் மேலெழுகிறது. அப்புறம் வாசலில் எத்தனை மணல் மூட்டை அடுக்கினாலும் நிற்காது. அந்த மாடி இணைப்புகளைத் துண்டிக்கச் சொல்லி மனு போட வேண்டும். அதுவரை, வீட்டிலிருந்து போகும் கழிவுக்குழாயில் ஒருவழி வால்வு ஒன்றைப் பிளம்பரிடம் சொல்லி மாட்டிக்கொள்ளலாம். சாக்கடை நிரம்பி எதிர்த்து வரும் நேரத்தில் அது மூடியிருக்கும், உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது, குளியலைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.